மூச்சுக்கு விலையா?

உப்புக்கு வரி விதித்த ஆங்கில சர்க்காரும் மூச்சுக்கு வரி விதிக்கத் துணிந்ததில்லை. கடல் தந்த உப்பை ஒரு கைப்பிடி அள்ளுவதற்காக 1930-ஆம் ஆண்டில் நம்மவர் வேதாரணியத்திற்கு நடந்து சென்றனர், தடியடி பட்டனர், சிறை புகுந்தனர். கடலும் காற்றும் தனியொருவர் சொத்தல்ல, யாவர்க்கும் பொது என்பதே அந்த அறப்போரின் உட்பொருள். அந்நியர் ஆட்சி ஒழிந்த நாட்டிலே இன்று காற்றுக்கே விலை கூறப்படுகிறது. மூச்சுப் பயிற்சியால் மனநோய் தீரும், உடல்நோய் தீரும், பிறவி கண்டறியாத பரவச நிலையும் கைகூடும் என்று பறைசாற்றி, ஆயிரக்கணக்கான ரூபாய் கட்டணத்தில் முகாம்கள் நடத்தப்படுகின்றன. இவற்றைக் கண்டு மயங்குவோர் ஒருபுறம். எல்லாம் வெறும் புரட்டு என்று கையை உதறுவோர் மற்றொருபுறம். இவ்விரு சாராரும் உண்மையினின்று விலகியே நிற்கின்றனர் என்பது நமது கருத்து.

சுதேசி என்னும் ஒரே காரணத்தால் எதையும் ஒப்புக்கொள்ளலாகாது; சுதேசி என்னும் ஒரே காரணத்தால் எதையும் தள்ளுதலும் ஆகாது. சுவாசப் பயிற்சி எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய மாட்டாது என்பதைச் சீர்தூக்கிப் பார்த்தல் பொதுக் காரியத்தில் ஈடுபட்ட ஒவ்வொருவரின் கடமை. அதற்கு வேண்டிய சான்றுகளுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமது கீழைக் கடற்கரையும் செங்கற்பட்டு மாவட்டமுமே போதிய சாட்சியம் அளிக்கின்றன.

கடல் ஏறிய நாள்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, சுமாத்ரா தீவின் அருகே கடலடியில் நேர்ந்த பூகம்பத்தால் எழுந்த ஆழிப்பேரலை நமது கரையைத் தாக்கிற்று. தமிழ்நாட்டில் மட்டும் மாண்டவர் ஏறத்தாழ 8,000 பேர். அவருள் 6,000-க்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் நீரேற்று நிலையத்துள் கடல்நீர் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலையை ஊழியர்கள் உடனே பாதுகாப்பாக நிறுத்தினர். ஆனால் நகரியக் குடியிருப்பிலும், அதனை அடுத்த மீனவர் குப்பங்களிலும் அலை வாரிக்கொண்டுபோன உயிர்களை மீட்டுத் தருவதற்கு எந்த இயந்திரமும் இல்லை.

படகு இழந்தவருக்குப் படகு கொடுக்கலாம். வீடு இழந்தவருக்கு வீடு கட்டித் தரலாம். சர்க்காரும் தர்ம ஸ்தாபனங்களும் இவற்றை ஒருவாறு செய்தன. ஆனால் குழந்தையின் கை தன் கையினின்று நழுவிய கணத்தை நாள்தோறும் கனவிற் காணும் தாய்க்கு எதைக் கொடுப்பது? தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட கடலின் இரைச்சலைக் கேட்ட மாத்திரத்தில் உடல் நடுங்குகிற மீனவனுக்கு என்ன நிவாரணம்? இந்தக் காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை, கணக்கேட்டில் ஏறுவதுமில்லை. மனநோய் வைத்தியர்களோ நம் நாட்டில் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களிலேயே இருக்கின்றனர்.

இந்நிலையில், பேரலை அடித்துச் சுமார் எட்டு மாதங்களுக்குப் பின் நாகப்பட்டினக் கரையோர முகாம்களில் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. அமெரிக்க மனநல அறிஞர்களும் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்து வைத்திய அறிஞர்களும் அதில் பங்குகொண்டனர். அதிர்ச்சியின் விளைவு கடுமையாக இருந்த 183 பேரை அவர்கள் மூன்று பகுதியாக வகுத்தனர். ஒரு பகுதியினருக்கு யோக முறையிலான மூச்சுப் பயிற்சி மட்டும் கற்பிக்கப்பட்டது. இரண்டாம் பகுதியினருக்கு அப்பயிற்சியோடு, நேர்ந்த துயரத்தை வாய்விட்டு எடுத்துரைக்கச் செய்யும் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. மூன்றாம் பகுதியினர் ஆறு வாரம் காத்திருக்கும்படி நிறுத்திவைக்கப்பட்டனர். ஆறாம் வாரத்தில் பார்த்தபொழுது, மூச்சுப் பயிற்சி பெற்ற இரு பகுதியினரிடமும் அச்சமும் சோர்வும் பெரிதும் குறைந்திருந்தன; காத்திருந்தவர்களிடம் அத்தகைய மாறுதல் காணப்படவில்லை. 24-ஆம் வாரம் வரை அளவெடுத்துப் பின்தொடர்ந்த இவ்வாராய்ச்சியின் முடிவுகள் 2010-ஆம் ஆண்டில் வைத்தியப் பத்திரிகையொன்றில் வெளியாயின.

அந்தமான் தீவுகளிலும் இதையொத்த முயற்சி நடந்தது. பேரலைக்குத் தப்பிய 47 பேர் ஒரு வாரம் யோகப் பயிற்சி செய்தனர். அவர்களுடைய பயமும் கவலையும் துக்கமும் தணிந்தன, உறக்கம் சீர்பட்டது, சுவாசத்தின் வேகமும் குறைந்தது என்று 2007-இல் அறிவிக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. நாகப்பட்டினத்தில் மக்களைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கவில்லை. முகாம் முகாமாகவே பிரித்தனர். ஒரு முகாமுக்கும் மற்றொரு முகாமுக்கும் வேறு வேற்றுமைகள் இருந்திருத்தல் கூடும். ஆதலால் இதனை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், வலுவான அறிகுறி என்று கொள்வதே நேர்மை. எனினும் ஏழை மீனவர் கூடாரத்தில், மருந்துச் செலவின்றி, ஒரு சில நாட்களில் கற்பிக்கத்தக்க ஒரு முறை இத்துணை ஆறுதல் தந்ததென்றால், அது அலட்சியம் செய்யத்தக்க செய்தியன்று.

இரு எஜமானர்களின் ஊழியன்

மூச்சு எவ்வாறு மனத்தைத் தொடுகிறது? நமது உடலில் இருதயமும் இரைப்பையும் நம் ஆணையைக் கேட்டு நடப்பவை அல்ல. கையும் காலும் நம் ஆணைக்கு உட்பட்டவை. சுவாசம் ஒன்றுதான் இரு எஜமானர்களுக்கும் ஊழியம் செய்வது. உறங்கும்பொழுது அது தானே நடக்கிறது. விழித்திருக்கும்பொழுது நாம் விரும்பினால் அதனை நீட்டலாம், குறுக்கலாம், நிறுத்தலாம். ஆகவே, நமக்கு அடங்காத உள்ளுறுப்புக்களை எட்டுவதற்கு நம் கைக்கு அகப்பட்ட கதவு இதுவே.

மூச்சை இழுக்கும்பொழுது இருதயம் சற்று விரைந்தும், விடும்பொழுது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. வெளிமூச்சை நீட்டினால், மூளையினின்று இருதயத்துக்கு இறங்கும் வேகஸ் என்னும் நரம்பு ஓங்குகிறது, துடிப்பு அடங்குகிறது, அபாயம் நீங்கிற்று என்ற செய்தி உடலெங்கும் பரவுகிறது. பயந்தவன் மூச்சு விரைவதை நாமெல்லோரும் அறிவோம். மூச்சைத் தாழ்த்தினால் பயம் தாழும் என்பது அதன் மறுபக்கம்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்பது சித்தர் மரபின் கணக்கு. அதாவது நிமிஷத்துக்கு 15. வளர்ந்தவருக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை என்று இன்றைய வைத்திய நூல்கள் கூறுவதோடு இது ஒத்திருத்தல் காண்க. பூரகம், கும்பகம், ரேசகம் என மூச்சை மூன்றாக வகுத்து, அவற்றுக்கு 16, 64, 32 என்று மாத்திரை வகுத்துச் சொல்கிறது திருமூலரின் திருமந்திரம். இதில் இழுக்கும் காலத்தினும் விடும் காலம் இரு மடங்கு என்பதைக் கவனிக்க வேண்டும். நீண்ட வெளிமூச்சே சாந்திக்கு வழி என்பதை நவீன ஆராய்ச்சியும் வேறு பாதையில் வந்து கண்டிருக்கிறது.

1924-ஆம் ஆண்டில் லோணாவளாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், யோகத்தை ஆராய்ச்சிச் சாலையில் நிறுத்திச் சோதித்த முன்னோடி. 2001-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் சிலர், கிறிஸ்தவர்கள் ஜபமாலை உருட்டிச் சொல்லும் லத்தீன் ஜபத்தையும் பௌத்தரின் மந்திரத்தையும் 23 பேரைக் கொண்டு சொல்வித்துப் பார்த்தனர். இரண்டும் மூச்சை நிமிஷத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறக்கின. இரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் உடலின் திறனும் உயர்ந்தது. சமயம் வேறாயினும் மூச்சு ஒன்றே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. 2023-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாளொன்றுக்கு ஐந்து நிமிஷம், பெருமூச்சு விடுவது போல வெளிமூச்சை நீட்டிய பயிற்சி, ஒரு மாதத்தில், வெறும் தியானத்தைக் காட்டிலும் மனநிலையை உயர்த்தியது தெரியவந்தது.

பரவசம் என்னும் பொறி

இதுவரை நாம் கூறியது மெதுவான மூச்சைப் பற்றி. இன்று சந்தையில் மிகுந்த ஆரவாரத்தோடு விற்கப்படுவதோ இதற்கு நேர்மாறானது. வேகமாகவும் ஆழமாகவும் நெடுநேரம் மூச்சு வாங்கச் செய்து, மனிதனுடைய பிரக்ஞையையே மாற்றி, அம்மாறுதலில் பழைய துயரங்கள் கரைந்துபோகும் என்று கூறுகின்றனர். பிராகா நகரத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஸ்தானிஸ்லாவ் குரோப் என்னும் மனநோய் வைத்தியர், மயக்க மருந்தாகிய எல்.எஸ்.டி.யைக் கொண்டு சிகிச்சை செய்து வந்தவர். அம்மருந்து சட்டப்படி விலக்கப்பட்ட பின், 1970-களில் தம் மனைவியாரோடு சேர்ந்து, மருந்தில்லாமல் மூச்சாலும் இசையாலும் அதையொத்த நிலையை வருவிக்கும் முறையை வகுத்தார். பின் வந்த பல முறைகளுக்கும் இது ஒரு முன்மாதிரி.

இதில் நடப்பது மாயமன்று. அளவுக்கு மீறி மூச்சு விட்டால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது. அது குறையவே மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றுகிறது, கை கால் மரத்துச் சுறுசுறுவென்கிறது, விரல்கள் இழுத்துக்கொள்கின்றன, சிலருக்குக் கனவு போன்ற காட்சிகளும், அடக்க முடியாத அழுகையும், பேரானந்தமும் தோன்றுகின்றன. உள்ளே அடைத்து வைத்த துக்கம் அவ்வேளையில் வெளிப்பட்டுச் சிலருக்கு ஆறுதல் கிடைக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காட்சி கண்டது வேறு, குணமானது வேறு. காக்கை வலிப்புள்ளவருக்கும், இருதய நோயாளிக்கும், இரத்தக் கொதிப்புள்ளவருக்கும், கர்ப்பிணிகளுக்கும், சித்தப் பிரமையால் வருந்தியவருக்கும் இம்முறை பெருந்தீங்கு விளைக்கக்கூடும். கடலோர இளைஞர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: நீரில் மூழ்குவதற்கு முன் வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டால் நெடுநேரம் அடங்கியிருக்கலாம் என்று எண்ணுவது உயிருக்கு உலை வைப்பது. மூச்சு வேண்டும் என்ற உணர்ச்சியை எழுப்புவது கரியமில வாயுவே. அது குறைந்துவிட்டால் அவ்வுணர்ச்சி எழுவதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்து, நினைவு தப்பி, நீருள்ளேயே மாள நேரிடும்.

நம் நூலோரும் பரவசத்தைக் கொண்டாடவில்லை என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் பிராணாயாமம் நான்காவது. அதற்கு முன் நிற்பவை இயமமும் நியமமும் ஆசனமும். அதாவது கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலிய ஒழுக்கங்கள். இடையில் தோன்றும் சித்திகள் சமாதிக்கு இடையூறு என்றே அவர் வகுத்தார். 1896-இல் ராஜயோகம் பற்றிய நூலை வெளியிட்ட விவேகானந்தரும், யோகத்தில் மறைபொருள் என்றும் இரகசியம் என்றும் கூறுவனவற்றை உடனே தள்ளுமாறு அறிவுறுத்தினார். தக்க ஆசிரியனின்றி இதிற் புகுவது பெரும்பாலோர்க்கு ஆபத்து என்றும் எச்சரித்தார். அந்த அறிவுரையை மறந்தவர்களே இன்று அவருடைய படத்தை மாட்டி வைத்துக்கொண்டு ‘இரகசியக் கிரியை’ விற்கின்றனர்.

பூனையின் தவம்

கல்பாக்கத்திற்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் மாமல்லபுரம் இருக்கிறது. அங்கே பல்லவச் சிற்பி பாறையில் வடித்த பெருந்தவக் காட்சியை அறியாதார் இல்லை. அருச்சுனன் தவம் என்பார் சிலர். பகீரதன் தவம் என்பார் வேறு சிலர். விலா எலும்பு தெரிய, ஒற்றைக் காலில் நின்று, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கியிருக்கிறார் தவசி. அதே பாறையின் கீழ்ப்பகுதியில், அதே பாவனையில், முன்கால்களைத் தூக்கி நிற்கிறது ஒரு பூனை. அதைச் சுற்றி எலிகள். தவமிருக்கும் பூனையை நம்பிய எலிகளின் கதி கதையிலே பிரசித்தம்.

மெய்த்தவத்தையும் பொய்த்தவத்தையும் ஒரே பாறையில் அருகருகே வடித்தானே, அவனுடைய அறிவை என்னென்பது! பாவனை ஒன்றே, நிற்கும் நிலையும் ஒன்றே. வேறுபாடு எங்கே? முன்னது எவரிடமும் எதையும் கேட்கவில்லை. பின்னது எலிகளை எதிர்பார்த்து நிற்கிறது. மூச்சுப் பயிற்சி கற்பிப்போரை அளந்தறிய இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. கற்றவன் தன் காலில் நிற்கட்டும் என்று அனுப்பிவைப்பவர் ஆசிரியர். இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு முகாம், இன்னும் ஒரு கட்டணம் என்று பிடித்து வைத்துக்கொள்பவர் யார் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். அதிலும் கொடியது, மருந்தை நிறுத்து, மூச்சே போதும் என்று நோயாளிக்குச் சொல்லுதல்.

தாம்பரம் கற்பித்த பாடம்

அக்கொடுமை எத்தன்மையது என்பதற்குச் செங்கற்பட்டு மாவட்டத்துத் தாம்பரமே சாட்சி. டாக்டர் சௌரி முத்து என்னும் நம் நாட்டு வைத்தியர் க்ஷயரோக சிகிச்சையில் இங்கிலாந்திலே பெயர் பெற்றவர். கணித மேதை ராமானுஜன் 1917-இல் சிறிது காலம் அவருடைய சிகிச்சையில் இருந்தார். அவ்வைத்தியர் தாயகம் திரும்பி, 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தூய காற்றும், நல்ல உணவும், ஓய்வுமே அன்று உலகறிந்த சிகிச்சை. 1937-இல் சர்க்கார் அதனை ஏற்றுக்கொண்டது. எத்தனையோ பேருக்கு அவ்விடம் புகலிடமாயிற்று. அந்தப் பெரியாரின் தொண்டை நாம் போற்றுகிறோம்.

பின்னர் மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் க்ஷயரோக மருந்தாராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஒரே மருந்தை ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு பகுதியினருக்கு நெருக்கடி மிகுந்த ஏழைக் குடிசைகளிலேயே வைத்தும் கொடுத்துப் பார்த்தனர். 1959-இல் வெளியான முடிவு உலகத்தையே வியக்கச் செய்தது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். அதாவது, கிருமியைக் கொன்றது மருந்தே. காற்றும் ஓய்வும் அதன் வேலையைச் செய்யவில்லை. அதன் பின்னரே, மாளிகையில்லாத ஏழைக்கும் வீட்டிலேயே சிகிச்சை என்ற நெறி உலகெங்கும் பரவிற்று.

இந்தப் பாடத்தை மறப்பவன் ஏழையின் உயிரோடு விளையாடுகிறான். நுரையீரலில் கிருமி இருந்தால் மருந்து வேண்டும். நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வைத்தியர் குறித்தது வேண்டும். கடும் மனநோய்க்கும் அப்படியே. மூச்சு இவற்றுக்கெல்லாம் துணை, மாற்று அன்று. கலங்கிய நெஞ்சை அமைதிப்படுத்துவதும், உறக்கம் தருவதும், நோயைத் தாங்கும் தைரியம் ஊட்டுவதும் அதன் தொழில். அத்தொழில் சிறியதென்று எண்ண வேண்டாம். அச்சமே பாதி நோய் என்பதை நோயாளியின் கட்டிலருகே இருந்தவர் அறிவர்.

செய்ய வேண்டுவது யாது?

மூச்சைச் சந்தையினின்று மீட்டு மக்களிடம் சேர்ப்பிப்பதே செய்ய வேண்டுவது. இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. செங்கற்பட்டிலேயே அரசாங்கம் யோகத்திற்கும் இயற்கை மருத்துவத்திற்கும் நிலையம் வைத்திருக்கிறது. அதன் பயன் நகரத்து மதிலோடு நின்றுவிடாமல், சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் முதலிய கரையோர ஊர்களுக்கும் குப்பங்களுக்கும் செல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துத் தாதிகளும், பள்ளி ஆசிரியர்களும், மீனவர் சங்கத்து இளைஞர்களும் இதனைக் கற்றுப் பிறர்க்குக் கற்பிக்கலாம். புயலும் வெள்ளமும் ஓயாது வந்துகொண்டிருக்கும் இக்கரையில், நிவாரண முகாம் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அரிசி மூட்டையோடு, நெஞ்சாறுதல் தரத்தக்க பயிற்சி பெற்ற ஒருவரும் போய்ச் சேர வேண்டும்.

கற்பிக்க வேண்டியதும் மிக எளிது. முதுகு நிமிர உட்கார்ந்து, மூக்கின் வழியாக, நாலு எண்ணும் நேரம் இழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெல்ல விடுக. ஓர் எண்ணுக்கு ஒரு விநாடி கொண்டால் நிமிஷத்துக்கு ஆறு மூச்சாகும். மூச்சை அடக்க வேண்டாம்; வலிந்து இழுக்க வேண்டாம். காலையிலும் மாலையிலும் ஐந்து முதல் பத்து நிமிஷம் போதும். தலை சுற்றினால் உடனே நிறுத்தி இயல்பாகச் சுவாசிக்க வேண்டும். இருதய நோயோ வலிப்போ உள்ளவரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். உட்கொள்ளும் மருந்தை எவர் சொன்னாலும் தாமாக நிறுத்தலாகாது. துயரம் தாங்க முடியாதபடி அழுத்துமானால், தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

சர்க்காருக்கும் நாம் ஒன்று கூறுவோம். மருந்தை விடச் செய்து நோயாளியைக் கெடுப்பவர் எவராயினும், அவர் உடுத்தது காவியாயினும் வெள்ளையாயினும், சட்டத்தின் முன் நிறுத்தப்படல் வேண்டும். அதே சமயம் மூச்சுப் பயிற்சியைக் கற்பித்துவிட்டோம், மனநோய் வைத்தியர் வேண்டாம் என்று சர்க்கார் கையலம்பிக் கொள்வதையும் நாம் ஒப்போம். கிராமத்துக்கு வைத்தியரும் வேண்டும், மருந்தும் வேண்டும், இதுவும் வேண்டும்.

பொதுத் தொண்டில் ஈடுபட்ட இளைஞர்களே! கடலோரக் குப்பத்திற்குச் செல்லும்பொழுது கையில் துண்டுப் பிரசுரம் மட்டும் கொண்டு செல்லாதீர். அங்கே அலையோசை கேட்டு இன்னும் திடுக்கிட்டு விழிக்கும் தாயொருத்தி இருக்கலாம். அவளருகே அமர்ந்து, அவள் சொல்வதை முழுதும் கேட்டு, பின் அவளோடு சேர்ந்து பத்து முறை மெல்ல மூச்சு விடுங்கள். வைத்தியரிடம் போக வேண்டுமாயின் உடன் சென்று விட்டு வாருங்கள். அதற்குக் கட்டணம் வாங்காதீர். உப்பை நமக்குப் பொதுவாக்கித் தந்த தலைமுறைக்கு நாம் செலுத்த வேண்டிய கடனில் இதுவும் ஒரு பகுதி.